கேபிள், கனெக்டர், அப்புறம்தான் கிரிம்பிங் டூல்: நெட்வொர்க் கேபிளை நீங்களே செய்ய முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க் கேபிளின் முனையில் கனெக்டரை வைத்து அழுத்திப் பொருத்தும் கருவிதான் கிரிம்பிங் டூல். "எந்த கிரிம்பிங் டூல் நல்லது?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்தக் கேபிள்? எந்தக் கனெக்டர்? இவை தெரியாமல் டூலைச் சொல்ல முடியாது. எவ்வளவு உறுதியான டூலாக இருந்தாலும், தனக்குப் பொருந்தாத கனெக்டரை அழுத்தினால் கெட்ட கேபிளைத்தான் தரும். பலர் முதலில் டூலை வாங்கிவிட்டு, கைக்குக் கிடைத்த கனெக்டரை அதில் வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். பத்தில் மூன்று நான்கு வீணாகும்போது "எனக்குக் கை வரவில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையில் குறை இருக்காது. மூன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை, அவ்வளவுதான். அதனால் இங்கே கேபிளில் தொடங்கி, கனெக்டர் வழியாக டூலுக்கு வருவோம்.

அழுத்தும்போது உள்ளே நடப்பது

ஆர்ஜே45 கனெக்டரின் பெட்டியில் 8பி8சி என்றும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. எட்டு இடம், எட்டுத் தகடு. டூலின் கைப்பிடியை அழுத்தும்போது இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பொன்முலாம் பூசிய எட்டுத் தகடுகளும் கீழிறங்கி, கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் காப்புறையைக் குத்திக்கொண்டு போய்ச் செம்பைத் தொடுகின்றன. கனெக்டரின் பின்பகுதியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உள்ளே மடிந்து கேபிளின் வெளியுறையை இறுக்கிப் பிடிக்கிறது. முதல் வேலை சிக்னலுக்கு, இரண்டாவது வேலை பலத்துக்கு. நாக்கு சரியாகப் பிடிக்காத கேபிள் இன்று வேலை செய்யும். நாலு முறை இழுபட்டதும் கம்பிகள் தகட்டை விட்டு நழுவத் தொடங்கும்.

தகடுகள் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. அழுத்திய பிறகு, கனெக்டரின் எதிர்ப்பக்க உடலிலிருந்து தகட்டின் மேல்விளிம்பு வரை 6.02 மி.மீ. இருக்க வேண்டும், கூடக்குறைய 0.13 மி.மீ. வரை பரவாயில்லை. அதாவது, ஒரு தாளின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகமான பிழைக்குத்தான் இடம். எட்டுத் தகடுகளும் இதற்குள் நிற்க வேண்டும். ஒரு தகடு உயர்ந்து நின்றால் செம்பைத் தொடாமல் போகலாம். அதைவிட மோசமான விளைவும் உண்டு: அந்தக் கனெக்டரை ஸ்விட்சிலோ ரவுட்டரிலோ செருகும்போது, உயர்ந்து நிற்கும் தகடு போர்ட்டுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் கம்பியை அளவுக்கு மீறி மேலே தள்ளி வளைத்துவிடும். அதன்பின் நல்ல கேபிளைச் செருகினாலும் அந்தப் போர்ட் தடுமாறும். மோசமான டூலால் கனெக்டர் மட்டுமா வீணாகிறது? போர்ட்டும் சேர்ந்து போகிறது.

டூல் சரியில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு அடையாளம் வேகத்தில் தெரியும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் (தகடுகள்) போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வருகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் வேகம் மட்டும் 100-ஐத் தாண்டாது. இப்படிப்பட்ட கேபிளின் கனெக்டரை முகப்பிலிருந்து உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு தகடுகள் மற்றவற்றோடு வரிசையில் நிற்காது.

முதல் படி: கேபிளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேபிளின் வெளியுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கேட்5இ, கேட்6, கேட்6ஏ என்ற வகை. 24, 23 என்ற கேஜ் எண். ஷீல்டு, அதாவது குறுக்கீட்டைத் தடுக்கும் உலோகக் கவசம், உள்ளதா இல்லையா என்பது. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேஜ் எண் சிறிதாக ஆக, கம்பி தடிமனாகும். 24 கேஜ் செம்பு சுமார் 0.51 மி.மீ., 23 கேஜ் சுமார் 0.57 மி.மீ. கேட்5இ பெரும்பாலும் 24, கேட்6 பெரும்பாலும் 23. பார்வைக்கு இது சிறிய வித்தியாசம். ஆனால் கனெக்டரின் துளைக்குள் நுழைவது காப்புறையோடு சேர்ந்த கம்பி. அந்த மொத்த விட்டம் கேட்5இ-யில் சுமார் 0.9 மி.மீ., கேட்6-இல் 1 மி.மீ. அளவில், கேட்6ஏ-யில் அதற்கும் மேலே போகும். கனெக்டர் சேராமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது, கம்பி ஒற்றையா பல இழையா என்பது. சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் நிரந்தரமாக ஓடும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒரே திடமான செம்பு. மேசைக்கும் சுவருக்கும் இடையே வளைந்து நெளியும் பேட்ச் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் பல மெல்லிய இழைகளால் ஆனது. ஒரு முழு இணைப்பின் உச்ச நீளமான 100 மீட்டரில் 90 மீட்டர் திடக்கம்பிக்கும், மீதி 10 மீட்டர் இரு முனைகளின் பேட்ச் கேபிள்களுக்கும் என்பதே தர விதிகளின் கணக்கு. இரண்டுக்கும் தகடு வேறு என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கனெக்டர் வாங்காதீர்கள்.

செம்புப் பூச்சுள்ள அலுமினியக் கேபிளைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எடை குறைவு, வெளியே பார்க்கச் செம்பு போலவே இருக்கும், பெட்டியில் சி.சி.ஏ. என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். எளிதில் முறியும், மின்தடை அதிகம், கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் பிஓஇ கருவிகளுக்கு ஏற்றதல்ல. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

இரண்டாம் படி: கனெக்டர்

தகட்டின் கீழ்முனையில் எத்தனை பல் என்று பாருங்கள். இரண்டு பல் கொண்டது நடுவே குத்தி இழைகளுக்குள் நுழையும். பல இழைக் கம்பிக்கு ஏற்றது. மூன்று பல் கொண்டதில் பற்கள் மாறி மாறி விலகியிருக்கும். திடக்கம்பியின் இரு பக்கமும் இறங்கிக் கவ்விக்கொள்ளும். திடக்கம்பியில் இரண்டு பல் தகட்டை அடித்தால் அது கம்பியின் தலையில் உட்கார்ந்து, நாளாக நாளாக ஒதுங்கிவிடும். இரண்டுக்கும் பொருந்தும் என்று குறிப்பிட்டு வரும் மூன்று பல் கனெக்டர்கள் உண்டு. ஒரே பெட்டி வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

பிறகு துளை. கனெக்டரில் அடுத்தடுத்த தகடுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.02 மி.மீ. அப்படியென்றால் 1 மி.மீ.-க்கு மேற்பட்ட கம்பிகள் எட்டை ஒரே வரிசையில் அடுக்க இடமே இல்லை. அதனால்தான் கேட்6 கனெக்டர்கள் பலவற்றில் துளைகள் நான்கு மேலே, நான்கு கீழே என்று படிவைத்து இருக்கின்றன. கேட்5இ கனெக்டருக்குள் கேட்6 கம்பிகளைத் திணிக்கப் படாதபாடு படுபவர்களுக்கு எந்தப் பெரிய டூலும் உதவாது. கனெக்டரின் விவரத்தில், தாங்கும் கம்பியின் உச்ச விட்டமும் வெளியுறையின் உச்ச விட்டமும் கொடுத்திருப்பார்கள். உங்கள் கேபிளின் எண்களோடு அதை ஒப்பிடுங்கள். அந்த எண்களைத் தராத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

கம்பி நுழையும் விதத்தில் மூன்று வகை உண்டு. சாதாரண கனெக்டரில் கம்பிகள் மூடிய முகப்பில் போய் முட்டி நிற்கும். சிறு பட்டை ஒன்று தனியாக வரும் கனெக்டரில், அந்தப் பட்டைக்குள் கம்பிகளை வரிசையாகக் கோத்து, நறுக்கி, பிறகு உள்ளே தள்ள வேண்டும்; தடித்த கம்பிகளுக்கு இது கைகொடுக்கும். பாஸ்-த்ரூ கனெக்டரில் முகப்பு திறந்திருக்கும். கம்பிகள் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வரும், டூலே அழுத்தும்போது நறுக்கிவிடும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு பாஸ்-த்ரூ பெரிய வசதி. நிற வரிசை கண்ணெதிரே தெரிகிறது, எல்லாக் கம்பிகளும் முழுதாக நுழைந்தது உறுதியாகிறது, ஜோடி ஜோடியாக இருக்கும் கம்பிகளின் முறுக்கை கனெக்டரின் வாய்வரை இழுத்து வைக்க முடிகிறது. ஆனால் நறுக்கிய செம்பு முனைகள் முகப்பில் வெளியே தெரிகின்றன. கத்தி மழுங்கியிருந்தால் அந்த முனைகள் பிசிறாக நீண்டு பக்கத்துக் கம்பியைத் தொடலாம். பிஓஇ-யில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2003-இல் வந்த முதல் தரத்தில் மின்சாரம் அனுப்பும் கருவியின் உச்சம் 15.4 வாட், 2018-இல் வந்த தரத்தில் அது 90 வாட்டை எட்டிவிட்டது. கேமரா, வைஃபை அக்செஸ் பாயின்ட் போன்றவற்றுக்குச் சாதாரண கனெக்டரையோ பட்டை வகையையோ பயன்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள்.

ஷீல்டு கேபிளானால் உலோகக் கவசமுள்ள கனெக்டர் வேண்டும். அதன் பின்னால் நீண்டிருக்கும் உலோக வாலைக் கேபிளைச் சுற்றி மடக்கி அழுத்துவதற்கு டூலில் தனி இடம் வேண்டும் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டூல்

இனி டூலைக் கையில் எடுக்கலாம். நான் முதலில் பார்ப்பது ராட்செட். அழுத்தத் தொடங்கியபின் முழு அளவும் அழுத்தி முடிக்கும்வரை கைப்பிடியைத் திறக்க விடாத பல்சக்கர ஏற்பாடு இது. கை சோர்ந்திருந்தாலும், ஏணி மேல் நின்று கோணலாகப் பிடித்திருந்தாலும், ஒவ்வொரு கனெக்டரும் ஒரே அளவுக்கு அழுத்தப்படும். ராட்செட் இல்லாத டூலில் "போதும்" என்று உங்கள் கை முடிவு செய்கிறது. முதல் கனெக்டருக்கும் நாற்பதாவதற்கும் கை ஒன்றுபோல இருக்காது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூடவே, பாதியில் சிக்கினால் விடுவிப்பதற்கான சிறு லீவர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது அழுத்தும் திசை. சில டூல்களில் கைப்பிடி எப்படி அசைந்தாலும், தகடுகளை அழுத்தும் பற்கட்டை நேர்கோட்டில் இறங்கும். வேறு சிலவற்றில் கத்தரிக்கோல் போல ஒரு அச்சைச் சுற்றி வளைந்து வந்து அழுத்தும். நேராக இறங்குவதில் எட்டுத் தகடுகளுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். வளைந்து வருவதில் வடிவமைப்பு கவனமாக இல்லையென்றால் ஒரு ஓரம் முன்பே அழுந்தி, மறு ஓரம் மேலே நிற்கும். கடையில் ஆனாலும் வீட்டுக்கு வந்த பெட்டியைத் திறந்த பிறகானாலும் மெதுவாகக் கைப்பிடியை அழுத்தி, பற்கட்டை எப்படி நகர்கிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். பிறகு விரலால் அதை இடவலமாக அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அந்த டூல் வேண்டாம்.

எட்டு பற்களும் கனெக்டரின் எட்டுத் தகடுகளுக்கு நேராக வர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பலர் கவனிக்காதது நாக்கை அழுத்தும் முனையை. நாக்கு இருக்கும் இடம் கனெக்டருக்குக் கனெக்டர் சற்று மாறுகிறது. சில நிறுவனங்களின் கனெக்டர்களுக்கு அவர்களுடைய சொந்த டூல், அல்லது அதற்கு இணையான டை (டூலில் மாட்டும் அழுத்தும் பகுதி), தேவைப்படுகிறது. பாஸ்-த்ரூ வகையில் இது இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் கத்தி நிற்கும் இடமும் முகப்போடு ஒத்துப்போக வேண்டும். கனெக்டர் தயாரிப்பாளர் எந்த டூலைப் பரிந்துரைக்கிறார் என்று பார்த்து அதையே வாங்குவதுதான் பாதுகாப்பான வழி. இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவதில் கொஞ்சம் செலவு கூடலாம். வீணாகும் கனெக்டர்களில் அது திரும்பிவிடும்.

பாஸ்-த்ரூ டூல்களில் பெரும்பாலானவை சாதாரண கனெக்டரையும் அழுத்தும். சாதாரண டூல் பாஸ்-த்ரூ கம்பிகளை நறுக்காது. அதனால் எதை அடிக்கப் போகிறீர்கள் என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு, மாற்றுக் கத்தி தனியாகக் கிடைக்கும் பாஸ்-த்ரூ டூல் பொருத்தம். மாற்றுக் கத்தி கிடைக்காத பாஸ்-த்ரூ டூலை வாங்குவது வீண், கத்தி மழுங்கிய அன்றே அது பயனற்றுப் போகும்.

தொலைபேசிக்கான 4, 6 இடக் கனெக்டர்களையும் சேர்த்து அழுத்தும் டூல்கள் நிறைய வருகின்றன. தேவை இருந்தால் வாங்கலாம். தொலைபேசி வயரைத் தொடவே போவதில்லை என்றால் 8 இடத்துக்கு மட்டுமான டூல் போதும். ஷீல்டு கனெக்டர் அடிப்பவர்கள், உலோக வாலை மடக்கும் இடம் டூலில் இருக்கிறதா என்று விவரக்குறிப்பில் உறுதி செய்யுங்கள். டூலோடு சேர்ந்து வரும் உறை உரிக்கும் கத்தியை மட்டும் நம்ப வேண்டாம். அதன் ஆழம் நிலையானது. உங்கள் கேபிளின் உறை மெல்லியதாக இருந்தால் உள்கம்பியின் காப்புறையையும் கீறிவிடும். ஆழத்தைத் திருகி மாற்றக்கூடிய தனி ஸ்ட்ரிப்பர் ஒன்றைக் கூடவே வாங்குங்கள்.

நான்காம் படி: புது டூலைச் சோதித்துப் பாருங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன் இதைச் செய்துவிடுங்கள். அழுத்தாத கனெக்டரை டூலுக்குள் செருகுங்கள். சிரமமில்லாமல் நுழைந்து, லாட்ச் (போர்ட்டில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கி) "டக்" என்று உட்கார்ந்து, ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு ஒரு சாண் துண்டுக் கேபிளில் ஐந்தாறு கனெக்டர்களை அடியுங்கள்.

ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் முகப்பிலிருந்து பாருங்கள். எட்டுத் தகடுகளின் விளிம்பும் ஒரே கோட்டில், பிளாஸ்டிக் இடைச்சுவர்களுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். டிஜிட்டல் காலிப்பர் (நுண்ணிய அளவுகளை அளக்கும் கருவி) இருந்தால் முதல், நடு, கடைசித் தகடுகளை அளந்து 6.02-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். தகட்டின் மேல் வைக்கும்போது காலிப்பரின் மெல்லிய முனையைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் இடைச்சுவரைத்தான் அளப்பீர்கள். எல்லாக் கனெக்டரிலும் ஒரே தகடு உயர்ந்து நின்றால் குறை டூலில். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தகடு என்றால் கம்பி சரியாக நுழையவில்லை. கடைசியாக, கனெக்டரை ஒரு கையிலும் கேபிளை மறு கையிலும் பிடித்து நன்றாக இழுங்கள். வெளியுறை நகரவே கூடாது.

ஐந்தாம் படி: முதல் கேபிள்

வெளியுறையை சுமார் 3 செ.மீ. உரியுங்கள். கம்பிகளை வளைத்து, காப்புறையில் கீறல் உண்டா என்று பாருங்கள்; இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஜோடிகளைப் பிரித்து டி568பி என்ற நிலையான நிற வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. லாட்ச் கீழே இருக்க, கேபிள் நுழையும் வாய் உங்களைப் பார்த்திருக்க, இடது ஓரம்தான் முதல் பின். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறினால் அது டி568ஏ. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், இரு முனையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிகாபிட் கருவிகள் தாமாகவே மாற்றிக்கொள்வதால் இரு முனையிலும் வெவ்வேறு வரிசை கொண்ட பழைய கிராஸ் கேபிளுக்கு இப்போது தேவை இல்லை.

கம்பிகளை விரல்களுக்கிடையே நீவி நேராக்கி, முறுக்கு அவிழ்ந்த பகுதி 13 மி.மீ.-க்கு மேல் போகாதபடி ஒரே வெட்டில் சமமாக நறுக்குங்கள். இந்த 13 மி.மீ. தர விதியின் அளவு. முறுக்குத்தான் ஜோடிகளுக்கிடையே சிக்னல் கசியாமல் காக்கிறது; அவிழ்த்த நீளம் கூடக் கூட அந்தக் காப்பு குறைகிறது. பாஸ்-த்ரூ என்றால் நறுக்காமல் முழு நீளத்தோடு கோத்து, வெளியுறை உள்ளே வரும்வரை இழுங்கள். எந்த வகையானாலும் வெளியுறை நாக்கைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். டூலில் வைத்து ராட்செட் விடும்வரை ஒரே மூச்சில் அழுத்துங்கள். அழுத்திய கனெக்டரை மறுபடி பயன்படுத்த முடியாது.

கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கு உள்ள டெஸ்டரில் அவை வரிசையாக எரிந்தால் தொடர்பு சரி என்று பொருள், கேபிள் சரி என்று பொருளல்ல. ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனையிலும் அடித்தவருக்கும் எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும், 4-ம் 5-ம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும். அது பிரிந்துபோனால் சிறிய நீளத்தில் ஓடும், நீளம் கூடியதும் தடுமாறும். எனவே நிற வரிசையைக் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள், பிறகு கேபிளை இரண்டு ஜிகாபிட் கருவிகளுக்கிடையே செருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கிரிம்ப் செய்ய வேண்டாத இடங்கள்

சுவருக்குள் ஓடும் திடக்கம்பிக் கேபிளின் முனையில் கனெக்டரைவிட, பஞ்ச்-டவுன் டூலால் (கம்பியைப் பிளவுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி) அடிக்கும் கீஸ்டோன் ஜாக்கே (சுவரில் பொருத்தும் போர்ட்) மேல். அடிக்கடி செருகிப் பிடுங்குவதன் தேய்மானம் மலிவான பேட்ச் கேபிளில் முடிந்துவிடும், சுவருக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும். உத்தரத்தில் தொங்கும் கேமரா, அக்செஸ் பாயின்ட் போல ஜாக் வைக்க இடமில்லாத இடங்களில் கேபிள் முனையிலேயே கனெக்டர் அடிக்கலாம். கேட்6ஏ ஷீல்டு கேபிளுக்கு, டூலே இல்லாமல் மூடியை மடக்கிப் பூட்டும் கனெக்டர்கள் வந்திருக்கின்றன. பருமன் அதிகம், ஆனால் அந்தத் தடித்த கம்பிகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. மேசை மேல் போடும் ஒரு மீட்டர் பேட்ச் கேபிளைப் பொறுத்தவரை, ஆலையில் செய்து சோதித்து வருவதை வாங்குவதே என் விருப்பம். நாமே செய்வதன் பயன் சரியான நீளமும், கனெக்டரோடு நுழையாத குழாய்களும், அறுந்த முனையை உடனே சரி செய்வதும்தான்.

டூலைப் பார்த்துக்கொள்ள அதிகம் ஒன்றுமில்லை. நறுக்கிய செம்புத் துணுக்குகளை ஒவ்வொரு முறையும் தட்டிவிடுங்கள், அச்சில் எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், இரும்புக் கம்பியை அதன் கத்தியில் வெட்டாதீர்கள். பாஸ்-த்ரூ முனைகளைக் கட்டைவிரலால் தடவும்போது பிசிறு தட்டுப்பட்டால் அன்றே கத்தியை மாற்றுங்கள்.